அடுப்படிக் கேள்வி பதில்: மலைக்குளிரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நூடுல்ஸ்

கொரியத் தொடர்கள் தமிழ் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, அவற்றில் வரும் கண்ணாடி போன்ற நூடுல்ஸைப் பற்றிக் கேட்டு எழுதும் வாசகர்கள் பெருகிவிட்டார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தை (ஸ்டார்ச்சை)க் கொண்டு செய்யப்படும் நூடுல்ஸ் அது. வந்த கடிதங்களில் நீலகிரி, பழனி மலை வாசகர்களுடையவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமவெளி அடுப்பை மனத்தில் வைத்து எழுதப்படும் செய்முறைகள் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் பல இடங்களில் பொய்த்துவிடுகின்றன என்பதே காரணம்.

கேள்வி: கோவையில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்த நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையோடு கொண்டு வருகிறாள். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வீட்டில் இடியாப்பம்போலச் சந்தகை பிழியும் அச்சு இருக்கிறது. கிழங்கிலிருந்து தொடங்கி முழுவதையும் வீட்டிலேயே செய்ய முடியுமா? (கோத்தகிரி வாசகி)

முடியும், அம்மா. ஆனால் இது ஒரே நாளில் முடிகிற வேலையன்று. கிழங்கை அரைப்பதிலிருந்து இழை காய்வது வரை ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பகுதி காத்திருப்புதான், கைவேலை குறைவு.

முதலில் மாச்சத்தைப் பிரிக்க வேண்டும். கூவைக்கிழங்கு மாவு எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான்கு கிலோ கிழங்கைத் தோல் சீவி, சீவச் சீவத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். காற்றுப் பட்டால் கறுக்கும். பச்சைக் கிழங்கின் பால் விரல்களில் ஒட்டிக் கறையாகிவிடும் என்பதால், கத்தியைத் தொடுமுன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, தாராளமாகத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். துருவுவதைவிட அரைப்பதில் மாச்சத்து கூடுதலாக வெளிவரும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்து, சக்கையில் மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, இன்னும் இரண்டு முறை பிழியுங்கள். மூன்றாம் முறை வருகிற தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும்.

இந்தப் பாலை அகன்ற பாத்திரத்தில் அசையாமல் வையுங்கள். சமவெளியில் நான்கைந்து மணி நேரத்துக்குமேல் வைத்தால் புளிக்கத் தொடங்கிவிடும். கோத்தகிரிக் குளிரில் இரவு முழுவதும் வைத்தாலும் கெடுவதில்லை. இந்த வேலையில் மலை உங்களுக்குத் தரும் முதல் சலுகை அது. காலையில் மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டுப் பாருங்கள். அடியில் கல்லாக இறுகிய வெள்ளைப் படிவும், அதன் மேல் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்ற மெல்லிய படலமும் இருக்கும். அந்தப் படலத்தைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட வேண்டும். பலர் ‘வீணாகிறதே’ என்று அதையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறார்கள். பிறகு இழை அறுகிறது, நிறம் மங்குகிறது, காயும்போது ஒரு வாடையும் வருகிறது. வெள்ளைப் படிவில் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி படியவிட்டு வடியுங்கள். மேல்தண்ணீர் குடிநீர்போலத் தெளியும்வரை இதைச் செய்து, பிறகு படிவைத் துணியில் உதிர்த்துக் காயவையுங்கள். ஒரு கிலோ கிழங்குக்கு 100 முதல் 150 கிராம் வரை ஸ்டார்ச் கிடைக்கும். நான்கு கிலோவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ.

இனி மாவு பிசைவது. வெறும் ஸ்டார்ச்சில் தண்ணீர் விட்டால் அது மாவாகச் சேராது. ஒரு சிறு பகுதியைக் கூழாகக் காய்ச்சி, அதைப் பசையாகக் கொண்டு மீதியைச் சேர்க்க வேண்டும். 500 கிராம் ஸ்டார்ச்சில் 25 கிராமை எடுத்து 50 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீர் 225 மில்லியை ஊற்றி, அடுப்பில் வைத்து விடாமல் கிளறினால், வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடிபோன்ற கூழாகும். இளஞ்சூட்டுக்கு வந்ததும் மீதி 475 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் உதிரியாக நிற்கும். பத்து நிமிடம் பிசைந்தபின் இளகும். பதம் பார்க்கும் முறை இது: ஒரு கைப்பிடி மாவை உயர்த்திப் பிடித்தால், விரலிடுக்கு வழியாக அறுபடாத இழையாக வழிய வேண்டும், இறுக்கிப் பிடித்தால் கெட்டியாக நின்று, பிடியை விட்டதும் மீண்டும் ஓட வேண்டும். வழியாமல் துண்டுதுண்டாக விழுந்தால் ஒரு கரண்டி வெந்நீர் தெளியுங்கள். தண்ணீர்போல ஓடினால் ஒரு பிடி ஸ்டார்ச் சேருங்கள்.

சந்தகை அச்சு போதுமானது. ஆனால் சந்தகையில் வெந்ததைப் பிழிகிறோம். இதில் பிழிந்ததுதான் வேகிறது. ஆகவே அச்சுக்கு அடியில் அகன்ற பாத்திரம் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். துளை இடியாப்பத் தட்டின் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், ஏனெனில் காயும்போது இழை நன்றாகச் சுருங்கும். ஒரே இடத்தில் பிழியாமல் அச்சை வட்டமாக நகர்த்திக்கொண்டே பிழியுங்கள். அடியில் போன இழை மேலே மிதந்து, வெள்ளை நீங்கிக் கண்ணாடியானதும் இன்னும் ஒரு நிமிடம் விட்டு, சல்லடைக் கரண்டியால் அள்ளிக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அந்த நீரை இரண்டு முறை மாற்றுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைத்தான் வீட்டில் முயல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இழைகளை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி மூடி, ஓர் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெந்தபோது அவிழ்ந்துபோன மாச்சத்து மூலக்கூறுகள், குறிப்பாக அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள், குளிரில் மீண்டும் நெருங்கிப் பிணைந்துகொள்கின்றன. மெல்லும்போது ரப்பர்போல இழுபடும் அந்தத் தன்மை அச்சிலிருந்து வருவதன்று, இந்த ஓரிரவிலிருந்து வருவது. வசதியிருந்தால் அடுத்த இரவு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததைத் தண்ணீரில் போட்டு உருகவிட்டால், ஒட்டிக்கிடந்த இழைகள் கையால் உதறினாலே தனித்தனியாகும். பிறகு கம்பில் தொங்கவிட்டு, ஒடித்தால் ‘பட்’டென்று முறியும்வரை காயவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சீவி வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். அந்த மாவைப் பிசைந்து வெந்நீரில் பிழிந்தால் இழையே நிற்கவில்லை. பாத்திரம் முழுவதும் கஞ்சியாகிவிட்டது. மாவு பழையதா? (கொடைக்கானல் வாசகி)

மாவு நல்ல மாவுதான், வேலைதான் வேறு. காயவைத்து அரைத்த கிழங்கு மாவில் மாச்சத்தோடு நாரும் சர்க்கரையும் புரதமும் அப்படியே இருக்கின்றன. வெந்நீர் பட்டதும் சர்க்கரை கரைந்து வெளியேறுகிறது. நார் இழையின் நடுவே நின்று அதை அறுக்கிறது. கண்ணாடி நூடுல்ஸுக்குத் தேவை கழுவிப் பிரித்த ஸ்டார்ச் மட்டுமே. கையிலுள்ள மாவைக் கோதுமை மாவுடன் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துச் சப்பாத்தி செய்யுங்கள், அல்லது ராகிக் கூழில் கலந்துகொள்ளுங்கள், வீணாகாது.

கேள்வி: பொங்கலுக்கு வாங்கிய கிழங்கில் மீதியைச் சமையலறைக் கூடையிலேயே வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து வேகவைத்தபோது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கல்லாகவே இருந்தது. வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. இந்தக் கிழங்கில் நூடுல்ஸ் செய்யலாமா? எந்தக் கிழங்கு நல்லது? (உதகமண்டலம் வாசகர்)

அந்தக் கிழங்குக்குக் குளிர் தாக்கியிருக்கிறது. சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுக் கொடி. அதன் கிழங்கை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் உள்ளே திசுக்கள் பாதிக்கப்பட்டு, சமைத்தாலும் இளகாத கெட்டிப் பகுதி உருவாகிவிடும். சமவெளியில் இந்தத் தொல்லை கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும். ஊட்டியில் ஜனவரி மாதத்துச் சமையலறையே இரவில் குளிர்சாதனப் பெட்டியாகிவிடுவதால், கூடையில் வைத்ததும் பெட்டியில் வைத்ததும் ஒன்றாகிவிட்டது. உருளைக்கிழங்குக்குப் பொருந்தும் குளிர் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு கிழங்கையும் செய்தித்தாளில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அதற்கும் மேலாக, மலையில் இருப்பவர்கள் ஒரு வாரத் தேவைக்குமேல் வாங்காமலிருப்பது மேல்.

கெட்டிப்பட்ட கிழங்கை நூடுல்ஸுக்குப் பயன்படுத்த வேண்டாம். புதிதாகத் தோண்டிய கிழங்குதான் இதற்கு ஏற்றது, ஏனெனில் வைக்க வைக்க மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிக்கொண்டேயிருக்கிறது. சாப்பிடுவதற்குத் தேனாக இனிக்கிற பழங்கிழங்கு ஸ்டார்ச்சுக்குக் குறைந்த பலனே தரும். நீலகிரிக்குக் கிழங்கு பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வழியாகவும், கொடைக்கானலுக்கு ஒட்டன்சத்திரம், வத்தலகுண்டு பக்கமிருந்தும் ஏறி வருகிறது. வண்டி வந்த அன்றே வாங்குங்கள். தோல் சிவப்பாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாக, வெட்டினால் பால் கசிகிற, மாவுத்தன்மை மிகுந்த கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்கு கண்ணுக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் அதன் கரோட்டின் ஸ்டார்ச்சோடு வருவதில்லை, பெரும்பகுதி சக்கையிலும் கழிவுநீரிலும் போய்விடும். அதனை அவித்துச் சாப்பிடுவதே மரியாதை.

கேள்வி: ஒரே பாக்கெட், ஒரே செய்முறை. சென்னையில் என் மகளுக்கு ஆறே நிமிடத்தில் வெந்துவிடுகிறது; எனக்குப் பத்து நிமிடமானாலும் நடுவில் நரம்புபோல் நிற்கிறது. குக்கரில் வைத்துவிடலாமா? (உதகமண்டலம் வாசகி)

குக்கர் வேண்டாம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கேஸ் தீருமே தவிரச் சூடு ஏறாது. சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் 80 டிகிரிக்குள்ளேயே வெந்துவிடும் என்பதால் கவலைக்கு இடமில்லை. காய்ந்த இழையின் நடுப்பகுதிவரை தண்ணீர் போய்ச் சேர்வதற்குத்தான் நேரம் போதவில்லை. எனவே வேகவைக்கும் நேரத்தை நீட்டுவதைவிட ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். சமவெளியில் அரை மணி நேரம் ஊறவைப்பதை நீங்கள் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குழாயில் வரும் ஊட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் மாலைவரை காத்திருக்க நேரும். ஊறிய இழை வளைத்தால் ஒடியாமல் வளைந்த பிறகு கொதிநீரில் போட்டு, ஆறாவது நிமிடத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். எட்டு அல்லது ஒன்பது நிமிடத்தில் சரியாக இருக்கும். உடனே வடித்துக் குளிர்ந்த நீரில் அலசி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டிவிட வேண்டும். குக்கரில் வைத்தால் வெளிப்பக்கம் கரைந்து ஒரே கட்டியாகிவிடும்.

கேள்வி: நவம்பரில் நூடுல்ஸ் செய்து காயவைத்தேன். மூன்றாம் நாள் புளித்த வாடை. ஐந்தாம் நாள் கரும்புள்ளிகள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க பயமாக இருந்ததால் கொட்டிவிட்டேன். மொட்டைமாடியில் வைத்ததைக் குரங்குகள் வேறு கலைத்தன. (குன்னூர் வாசகி)

கொட்டியதே சரி. கரும்புள்ளி பூஞ்சை, அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கக் கூடாது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நின்று பெய்யும், கொடைக்கானலிலும் அப்படியே. கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை காயவைக்கும் பேச்சே கிடையாது. பருவம் பார்க்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் இறுதிவரை வானம் தெளிந்து காற்றும் உலர்ந்திருக்கும். கிழங்கு வரத்தும் அப்போது நன்றாக இருக்கும். வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம் என்பதால், வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, மின்விசிறியை நேராகத் திருப்பிவைத்தால் குரங்குத் தொல்லையும் இல்லை. இழைகள் ஒன்றையொன்று தொடாமல் தொங்க வேண்டும். தட்டில் குவித்துவைத்தால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பது உறுதி. ஓவன் உள்ளவர்கள் 50 டிகிரியில், கதவைச் சற்றுத் திறந்துவைத்துக் காயவைக்கலாம். விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் சீக்கிரம் காயும், ஆனால் புகைவாடை ஏறிக்கொண்டு எந்தக் குழம்பிலும் போகாது.

மழைக்காலத்திலேயே ஆசை வந்துவிட்டால் காயவைக்கவே வேண்டாம். குளிரவைத்த இழைகளை ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அப்படியே கொதிநீரில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் தயார். என்னைக் கேட்டால், வீட்டில் உண்பதற்கு இதுவே போதும். காய்ந்த இழை கடைக்காரருக்குத்தான் அவசியம்.

கேள்வி: எங்கள் பக்கம் டிசம்பரில் புல்தரையெல்லாம் உறைபனி. ஃப்ரீசருக்குப் பதிலாகத் தட்டை இரவில் வெளியே வைக்கலாமா? (தலைகுந்தா வாசகர்)

கொரியாவிலும் வடசீனாவிலும் நூடுல்ஸ் செய்பவர்கள் குளிர்காலத்துப் பனியில் இழைகளை உறையவிட்டுத்தான் பழகினார்கள். ஆகவே யோசனை நல்ல யோசனை. ஆனால் அங்கே காற்றே பல நாள் சேர்ந்தாற்போல் உறைநிலைக்குக் கீழே இருக்கும். தலைகுந்தாவில் தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து உறைகிறதே தவிர, இடுப்புயரக் காற்று பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. மேசைமேல் வைத்த தட்டு உறையும் என்று நம்ப முடியாது. தரையில் வைத்தால் உறையும், மண்ணும் பூச்சியும் சேரும். வராந்தாவில் மூடிவைத்து ஓர் இரவு குளிரவிடுவதற்கு உங்கள் ஊர்க் குளிர் தாராளம். உறையவைப்பதை ஃப்ரீசருக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இழை அறாமல் இருக்க ஒரு தேக்கரண்டி படிகாரம் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சேர்க்கலாமா? (கொடைக்கானல், பூம்பாறை வாசகி)

சேர்க்காதீர்கள். சீனாவில் சர்க்கரைவள்ளி நூடுல்ஸில் படிகாரம் சேர்க்கும் வழக்கம் நீண்ட காலமாக இருந்தது உண்மை. பச்சைப்பயற்று ஸ்டார்ச்சோடு ஒப்பிட்டால் சர்க்கரைவள்ளியில் அமைலோஸ் குறைவு. அதனால் இழையின் உறுதியும் குறைவு. அந்தக் குறையைப் படிகாரம் ஈடுசெய்கிறது. ஆனால் படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, 2011-ஆம் ஆண்டில், ஒருவர் உணவின் வழியாக உட்கொள்ளும் அலுமினியம் வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது வாரத்துக்கு 100 மில்லிகிராம். ஐந்து கிராம் படிகாரத்தில் ஏறத்தாழ 285 மில்லிகிராம் அலுமினியம் இருக்கும். அரைக் கிலோ நூடுல்ஸைக் குடும்பத்தோடு பகிர்ந்து உண்டாலும், எடை குறைந்த குழந்தைகளின் பங்குக்கு வருவது சிறிதன்று.

அதற்கு மாற்று இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன குளிரூட்டலைக் குறைக்காமல் செய்வது. மற்றொன்று, ஸ்டார்ச்சில் ஐந்தில் ஒரு பங்காகப் பச்சைப்பயற்று ஸ்டார்ச் சேர்ப்பது. பயற்றை ஊறவைத்து அரைத்து, இதே முறையில் படியவைத்து எடுக்கலாம்.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் நான். ஒரு வாரமெல்லாம் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வழி ஏதாவது உண்டா? (கூடலூர் வாசகி)

அச்சும் வேண்டாம், காயவைப்பதும் வேண்டாம் என்றால் தகடாக வார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார்ச் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. ஸ்டார்ச் உடனே அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அடியோடு கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். எண்ணெய் தடவிய தட்டை கொதிக்கும் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, மெல்லிய படலமாகக் கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். படலம் வெள்ளையாக இறுகியதும் தட்டோடு கொதிநீருக்குள் அமிழ்த்தினால் நொடிகளில் கண்ணாடியாகும். எடுத்துக் குளிர்ந்த நீரில் வைத்து ஓரத்தை நெம்பினால் தகடு முழுசாக உரிந்து வரும். எண்ணெய் தடவி அடுக்கி, இரண்டு மணி நேரம் குளிரவைத்துப் பட்டையாக வெட்டுங்கள். சனிக்கிழமை இரவு கிழங்கை அரைத்துப் படியவிட்டால் ஞாயிறு பகலுக்கு நூடுல்ஸ் உண்டு. காயாத ஈர ஸ்டார்ச்சையே பயன்படுத்துவதானால், அதில் ஏற்கெனவே பாதியளவுக்குத் தண்ணீர் இருக்கும் என்பதை நினைவில் வைத்துத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சர்க்கரைவள்ளி வயிற்றில் போனால் போதும் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆவியில் அவித்து மசித்த கிழங்கு ஒரு கோப்பைக்குக் கோதுமை மாவு இரண்டு கோப்பை சேர்த்து, தண்ணீர் விடாமல் கெட்டியாகப் பிசைந்து, தேய்த்து, கத்தியால் வெட்டி, கொதிநீரில் மூன்று நிமிடம் வேகவைக்கலாம். கிழங்கைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் மாவு ஒட்டிக்கொண்டு தேய்க்க வராது. இது கண்ணாடி நூடுல்ஸ் ஆகாது. ஆனால் நாரும் சத்தும் இதில்தான் இருக்கின்றன.

கேள்வி: கொரியர்கள் செய்வதுபோலவே சமைக்க வேண்டும், ஆனால் எங்கள் ஊர்க் காய்கறியில். எப்படி? (உதகமண்டலம் வாசகி)

அவர்கள் செய்வது ஜாப்சே. பதினேழாம் நூற்றாண்டில் கொரியாவின் ஜோசான் வம்ச அரசவையில் காய்களை வதக்கிக் கலந்து பரிமாறிய உணவு அது. அப்போது அதில் நூடுல்ஸே கிடையாது, இருபதாம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. கொரியாவுக்குச் சர்க்கரைவள்ளியே 1763-இல், ஜப்பானின் சுஷிமா தீவிலிருந்து தூதர் ஜோ ஒம் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே உங்கள் ஊர்க் காயைச் சேர்ப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் ஆகியவற்றைத் தீக்குச்சி அளவில் நறுக்குங்கள். பட்டன் காளானும் கீரையும் அவசியம், பாலக்கீரை பொருத்தமானது. காய்களை ஒன்றாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாக, நல்ல சூட்டில், உப்புத் தூவித் தனித்தனியே வதக்குவதுதான் இந்த உணவின் உயிர். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்த கூட்டாகிவிடும். கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துப் பிழிந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டே பல் போதும், காரம் அதிகம்.

நான்கு பேருக்கு 200 கிராம் காய்ந்த நூடுல்ஸ். வெந்து அலசிய இழையை மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய் கலவையோடு வாணலியில் இரண்டு நிமிடம் பிரட்டினால் பளபளவென்று பழுப்பேறும். அடுப்பை அணைத்துவிட்டுக் காய்களைக் கலக்குங்கள். கொரியர்களின் எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து ஆட்டியது, மணம் மென்மையானது. வெள்ளை எள்ளைச் சிவக்க வறுத்து, கையால் நசுக்கி, இறக்கும்போது தாராளமாகத் தூவினால் அந்தக் குறை தெரியாது.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் அரிசிக்குப் பதிலாக இதைத் தினமும் சாப்பிடலாமா? கிழங்கு நல்லது என்கிறார்களே. (குன்னூர் வாசகர்)

கிழங்கைப் பற்றிச் சொல்வதை நூடுல்ஸுக்குப் பொருத்த முடியாது. 100 கிராம் காய்ந்த இழையில் ஏறத்தாழ 85 கிராம் மாவுச்சத்து. புரதமும் நாரும் பெயரளவுக்குத்தான். கிழங்கின் நார் முழுவதும் சக்கையாகப் பிழிந்து போய்விட்டது. குளிரூட்டிய மாச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறும் என்பது உண்மையென்றாலும், அதை நம்பித் தட்டு நிறையச் சாப்பிடக் கூடாது. அரிசிச் சோற்றை அளப்பதுபோல அளந்து, காயும் முட்டையும் கூடுதலாகச் சேர்த்து, எப்போதாவது உண்ணலாம். தினமும் வேண்டாம், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமையின் குளுட்டன் ஒவ்வாதவர்களுக்கு இந்த நூடுல்ஸ் ஏற்றதுதான், ஆனால் சோயா சாஸ் புட்டியின் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை இருக்கிறது.

கேள்வி: பிழிந்த சக்கை ஒரு குண்டான் நிறைய நிற்கிறது. என்ன செய்வது? (கோத்தகிரி வாசகி)

அன்றைக்கே செலவழித்துவிடுங்கள், பச்சைச் சக்கை சீக்கிரம் கறுத்துவிடும். ஊறவைத்து அரைத்த கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சக்கைக்குச் சமமாகச் சேர்த்து, காய்ந்த மிளகாய், சோம்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டு அடையாகத் தட்டலாம். சக்கை பச்சையானது என்பதால் தோசைக்கல்லில் மூடிபோட்டு, சிறு தீயில், இரண்டு பக்கமும் நன்றாக வேகவிட வேண்டும். மீந்தால் மாட்டுக்குக் கொடுக்கலாம், ஒரேயடியாகக் கொடுக்காமல் தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. முதலில் வடித்த பழுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் மிஞ்சியிருக்கும் ஸ்டார்ச் குழாயின் வளைவில் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். தோட்டத்துச் செடிகளின் வேருக்குச் சற்றுத் தள்ளி ஊற்றிவிடுங்கள்.